ஸ்டார்ட் ஆகாத மரம் அறுக்கும் இயந்திரம்: எதை, எந்த வரிசையில் பார்க்கணும்?

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு நடக்கும் பேரிடர் ஒத்திகை ஒன்றைப் பார்க்க, ஒரு கடலோர ஊராட்சிக்குப் போயிருந்தேன். சாலையில் ஒரு வேப்பமரக் கிளையைக் குறுக்கே போட்டு வைத்திருந்தார்கள். புயலில் மரம் விழுந்துவிட்டது, அந்தப் பக்கம் பிரசவ வலியில் ஒரு பெண், இந்தப் பக்கம் 108 ஆம்புலன்ஸ் நிற்கிறது என்று கற்பனை. விசில் ஊதியதும் டேங்க் ஆபரேட்டர் அண்ணன் ஊராட்சியின் மரம் அறுக்கும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். கயிறை இழுத்தார். ஸ்டார்ட் ஆகவில்லை. மறுபடி இழுத்தார். இன்னொருவர் வாங்கி இழுத்தார். பத்து, இருபது, முப்பது... "இழுத்து இழுத்துக் கையே போச்சு சார்" என்று கடைசியில் கீழே வைத்துவிட்டார்கள். கிளையை அரிவாளால் வெட்டித்தான் ஒத்திகையை முடித்தார்கள்.

பக்கத்து டவுனிலிருந்து வந்த மெக்கானிக் டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "மெஷின்ல கோளாறே இல்ல தம்பி. பெட்ரோல்தான் செத்துப் போச்சு. போன மழைக்கு ஊத்தினது" என்றார். பழைய பெட்ரோலைக் கொட்டி, புதுக் கலவை ஊற்றி, பிளக்கைத் துடைத்துப் போட்டார். ஐந்தாவது இழுப்பில் இயந்திரம் முழங்கியது.

அன்றைக்கு அது ஒத்திகை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. தென்னையும் புளியும் சாலைகளில் குறுக்கே கிடந்தன. 2016 டிசம்பர் 12 அன்று வந்த வர்தா புயலில் சென்னைத் தெருக்களும் அப்படித்தான் இருந்தன. அந்த மாதிரி நாளில் ஒரு ஊருக்குள் பாலும் மருந்தும் ஆம்புலன்ஸும் எப்போது வரும் என்பதை இந்த ஒரு இயந்திரம்தான் முடிவு செய்கிறது.

உங்கள் ஊராட்சியிலோ, குடியிருப்போர் சங்கத்திலோ, தோப்பிலோ பெட்ரோலில் ஓடும் இப்படி ஒரு செயின் சா இருக்கிறதா? அப்படியென்றால் இந்தப் பாடம் உங்களுக்குத்தான். மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. எதை முதலில் பார்ப்பது, எங்கே நிறுத்திக்கொள்வது என்று தெரிந்தால் போதும்.

கை வைக்கும் முன்

சோதிக்கும்போது இந்த நான்கையும் மறக்காதீர்கள்.

• பிளக்கையோ சங்கிலியையோ தொடும் முன் சுவிட்சை நிறுத்தத்தில் வைத்து, பிளக் மேலுள்ள ரப்பர் மூடியைக் கழற்றிவிடுங்கள்.
• இன்ஜின் சூடாக இருக்கும்போது பெட்ரோல் டேங்கைத் திறக்க வேண்டாம். பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது. பெட்ரோல் ஊற்றிய இடத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி வந்து ஸ்டார்ட் செய்யுங்கள்.
• லுங்கி, துண்டு, தொங்கும் உடை வேண்டாம். கையுறை, கண்ணாடி, காலை முழுசாக மூடும் ஷூ கட்டாயம். மரம் அறுக்கப் போகும்போது ஹெல்மெட்டும் காதடைப்பும் சேர்த்து.
• ஒரு கையில் இயந்திரத்தைத் தொங்கவிட்டு, மறு கையால் கயிறை இழுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பலர் ஸ்டைலாகச் செய்வது இதுதான். ஓடத் தொடங்கிய சங்கிலி முதலில் தேடுவது உங்கள் தொடையைத்தான்.

முதல் படி: ஸ்டார்ட் செய்யும் முறை சரியா?

"ரிப்பேர்" என்று கடைக்கு வரும் பல இயந்திரங்களில் ரிப்பேரே இருக்காது. ஸ்டார்ட் செய்த முறைதான் தப்பாக இருக்கும். அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன் இதைச் சரிபாருங்கள்.

சுவிட்ச் ஓடும் நிலையில் இருக்கிறதா? சிரிக்காதீர்கள், அவசரத்தில் இதுதான் அடிக்கடி மறக்கும். டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா? செயின் ஆயில் டேங்கில் பெட்ரோலையும், பெட்ரோல் டேங்கில் செயின் ஆயிலையும் யாராவது மாற்றி ஊற்றியிருக்கிறார்களா? இரண்டு மூடிகளும் ஒரே மாதிரி இருக்கும். மேலே பொறித்திருக்கும் படத்தைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

இப்போது இயந்திரத்தைச் சமதரையில் வையுங்கள். சங்கிலி உறையைக் கழற்றுங்கள். சங்கிலி எதிலும் படக்கூடாது. முன்கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் தடுப்பை முன்பக்கமாகத் தள்ளினால் செயின் பிரேக் விழும். பின்கைப்பிடிக்குள் வலது பாதத்தின் நுனியை வைத்து அழுத்துங்கள். இடது கையால் முன்கைப்பிடியை இறுகப் பிடியுங்கள். வலது கை கயிறுக்கு.

சின்ன ரப்பர் குமிழ் இருந்தால் ஐந்தாறு முறை அமுக்குங்கள். அது கார்புரேட்டருக்குப் பெட்ரோலைக் கொண்டுவரும். இன்ஜின் குளிர்ந்திருந்தால் சோக்கை முழுசாகப் போடுங்கள். கயிறை முதலில் மெதுவாக இழுத்து, பிடிப்பு தெரிந்ததும் 'விருட்'டென்று இழுங்கள். முழு நீளத்துக்கும் இழுக்க வேண்டாம், இழுத்ததும் கயிறைக் கைவிடவும் வேண்டாம். கையோடு கொண்டுபோய் உள்ளே விடுங்கள்.

இங்கேதான் முக்கியமான விஷயம். சில இழுப்புகளுக்குள் இன்ஜின் 'பட்' என்று ஒரு தடவை இருமும். உடனே நின்றுவிடும். அந்த இருமல் உங்களுக்கான சிக்னல். அதைக் கேட்டதும் சோக்கைப் பாதி நிலைக்குக் கொண்டுவந்து இழுங்கள், பெரும்பாலும் ஓடிவிடும். ஓடியதும் ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டி விடுங்கள், வேகம் தணியும். பிறகுதான் செயின் பிரேக்கை விடுவிக்க வேண்டும்.

அந்த 'பட்' சத்தத்தைக் கவனிக்காமல் முழு சோக்கிலேயே இழுத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு இழுப்புக்கும் பெட்ரோல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், காற்று போகாது. பிளக் நனைந்துவிடும். அதன்பிறகு நூறு தடவை இழுத்தாலும் பலன் இல்லை. சற்றுமுன் ஓடிய சூடான இன்ஜினுக்கு சோக்கே தேவையில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

கணக்கு இதுதான்: சரியான முறையில் பத்து இழுப்பு. அதற்கு மேல் இழுக்காதீர்கள். நிறுத்திவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

இரண்டாம் படி: பெட்ரோலுக்கு வயசு என்ன?

மாதக்கணக்கில் சும்மா இருந்த இயந்திரம் என்றால் சந்தேகம் முதலில் போக வேண்டியது பெட்ரோல் மேல்தான். இப்போது நம் பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் உள்ளது. ஈரம் அளவுக்கு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பெட்ரோலை உறிஞ்சும் ஃபில்டர் இருப்பதும் அதே அடியில்தான். ஆக, இன்ஜினுக்குப் போவது தண்ணீர்.

இன்னொரு பக்கம், கார்புரேட்டருக்குள் தேங்கிய பெட்ரோல் மெல்ல ஆவியாகி, பிசின் மாதிரி ஒரு படிவை விட்டுச் செல்லும். ஊசிமுனை அளவு ஓட்டைகள் அடைபட அது போதும்.

எனவே ஒரு மாதத்துக்கு மேல் ஆன பெட்ரோலை யோசிக்காமல் வெளியே எடுத்துவிடுங்கள். சாக்கடையில் ஊற்ற வேண்டாம். மூடியுள்ள கேனில் பிடித்து மெக்கானிக் கடையில் கொடுங்கள். பிறகு புதுக் கலவை ஊற்றுங்கள்.

கலவை என்று சொல்லக் காரணம், இது டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். அதற்கு உள்ளே தனியாக இன்ஜின் ஆயில் கிடையாது. பெட்ரோலோடு கலந்து வரும் டூ-டி ஆயில்தான் பிஸ்டனுக்கு வழுவழுப்பு தருகிறது. கையேட்டில் 50:1 என்று இருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில், ஐந்து லிட்டருக்கு 100 மில்லி. 25:1 என்று இருந்தால் லிட்டருக்கு 40 மில்லி. எந்த அளவு என்பதை உங்கள் இயந்திரத்தின் கையேடு சொல்லும். எவ்வளவு எத்தனால் வரை அது தாங்கும் என்பதையும் அதிலேயே பாருங்கள். கண் அளவில் ஊற்றாதீர்கள். பைக்குக்கு ஊற்றும் ஃபோர்-டி ஆயில் இதற்கு ஆகாது. தனி கேனில் கலந்து, நன்றாகக் குலுக்கி, அதன் பிறகே டேங்கில் ஊற்றுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அவசரத்தில் பைக் டேங்கிலிருந்து வெறும் பெட்ரோலை எடுத்து ஊற்றுகிறவர்கள் உண்டு. இயந்திரம் ஓடும், நன்றாகவே ஓடும். சில நிமிடம்தான். பிஸ்டன் உராய்ந்து 'சீஸ்' ஆகிவிடும். பிறகு அதைச் சரிசெய்யும் செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாம் என்று தோன்றும்.

மூன்றாம் படி: பிளக்கைக் கேளுங்கள்

புதுப் பெட்ரோலிலும் ஓடவில்லையா? இயந்திரத்தோடு வந்த டீ ஸ்பேனரால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வது போலத்தான் இது. நிறத்தைப் பார்த்தே பாதி நோய் தெரிந்துவிடும்.

*நனைந்து, பெட்ரோல் வாடை அடித்தால்:* பெட்ரோல் தேவைக்கு அதிகமாக வருகிறது, அல்லது கரண்ட் வரவில்லை. பிளக்கைத் துணியால் துடைத்துக் காயவையுங்கள். சுவிட்சை நிறுத்தத்தில் வைத்து, சோக்கை எடுத்துவிட்டு, பிளக் துளை உங்கள் முகத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி வைத்துக் கயிறை ஏழெட்டு முறை இழுங்கள். உள்ளே தேங்கியது வெளியே தெறித்துவிடும். சில நிமிடம் காற்றாட விட்டு, பிளக்கை மாட்டி, சுவிட்சை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து, சோக் போடாமல் பாதி நிலையில் இழுத்துப் பாருங்கள்.

*காய்ந்து கிடந்தால்:* பெட்ரோல் வந்து சேரவே இல்லை. நான்காம் படிக்குப் போங்கள்.

*கரி படிந்து கறுப்பாக இருந்தால்:* ஆயில் அதிகமாகக் கலந்திருக்கலாம், அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். பித்தளை பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். பிளக் நுனியிலுள்ள இடைவெளி பெரும்பாலான மாடல்களில் 0.5 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை இருக்கும். உங்கள் கையேட்டில் உள்ள அளவை வைத்து சரிபாருங்கள்.

கரண்ட் வருகிறதா என்று பார்க்கச் சிலர் பிளக்கை இன்ஜின் மேல் வைத்துக் கயிறை இழுத்துப் பார்ப்பார்கள். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் தீப்பொறி விடுவது ஆபத்து. நம் போன்றவர்களுக்குச் சுலபமான வழி, அதே நம்பர் புதுப் பிளக் ஒன்றை மாட்டிப் பார்ப்பது. விலை குறைவு, சந்தேகமும் தீரும். அதனால் இயந்திரப் பெட்டியில் எப்போதும் ஒரு புதுப் பிளக் இருக்கட்டும்.

நான்காம் படி: பெட்ரோல் வரும் வழியும் காற்று வரும் வழியும்

பிளக் காய்ந்திருந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, டேங்க் மூடி. அதை லேசாகத் திறந்து மூடியபின் ஸ்டார்ட் ஆகி, கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றால், டேங்குக்குள் காற்று போகும் துவாரம் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டு, டேங்குக்குள் கிடக்கும் பெட்ரோல் ஃபில்டர். வளைத்த கம்பியால் மெதுவாக வெளியே இழுத்துப் பாருங்கள். அழுக்கேறிக் கறுத்திருந்தால் புதிது மாற்றுங்கள். மூன்று, பெட்ரோல் போகும் ரப்பர் குழாய். விரல்களுக்கு நடுவே வளைத்தால் விரிசல் தெரியும். ரப்பர் குமிழ் அமுக்கியபின் மேலே எழும்பாமல் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தால், பெட்ரோல் வரும் வழியில் அடைப்பு இருக்கலாம்.

அடுத்தது ஏர் ஃபில்டர். மேல்மூடியைத் திறக்கும் முன் சோக்கைப் போட்டுவிடுங்கள், தூள் உள்ளே விழாது. ஃபில்டரைத் தட்டி, மெல்லிய பிரஷ்ஷால் துடையுங்கள். தென்னையும் பனையும் அறுத்தால் அதன் நாரும் தூளும் ஃபில்டரில் அடையாக அப்பிக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் கழுவக்கூடிய வகை என்றால் கழுவி, முழுசாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டாதீர்கள்.

ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் வேகம் எடுக்காமல் திணறி நின்றுவிடுகிறதா? சைலன்சரின் வாயில் சிறிய கம்பி வலை ஒன்று இருக்கும், தீப்பொறி வெளியே தெறிக்காமல் தடுக்க. அது கரியால் அடைந்திருக்கலாம். இன்ஜின் நன்றாக ஆறியபின் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மறுபடி மாட்டுங்கள். "இது எதுக்கு?" என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். காய்ந்த சருகு கிடக்கும் தோப்பில் அந்த வலை இல்லாமல் ஓட்டினால், விழுந்த மரத்தை எடுக்கப் போய்த் தோப்புக்கே தீ வைத்ததாகிவிடும்.

இங்கே நிறுத்துங்கள்

எல்லாவற்றையும் நாமே செய்ய முடியாது. கீழே உள்ளதில் எது தெரிந்தாலும் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விடுங்கள்.

• கயிறை இழுக்கும்போது பிடிப்பே இல்லாமல் லேசாக வருகிறது. உள்ளே அழுத்தம் இல்லை. பிஸ்டன் அல்லது ரிங் போயிருக்கலாம்.
• பிளக்கைக் கழற்றிய பிறகும் கயிறு அசையவில்லை. இன்ஜின் இறுகியிருக்கலாம், அல்லது ஸ்டார்ட்டர் சிக்கியிருக்கலாம்.
• புதுப் பிளக் போட்டும் உயிர் இல்லை. சுவிட்ச் ஒயரோ காயிலோ பழுதாகியிருக்கலாம்.
• கயிறு அறுந்துவிட்டது. உள்ளே சுருட்டி வைத்த ஸ்பிரிங் இருக்கிறது. பழக்கமில்லாதவர் திறந்தால் முகத்தில் அடிக்கும்.

கார்புரேட்டரின் பக்கவாட்டில் தெரியும் சின்ன ஸ்குரூக்களைத் திருகிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். நேற்று ஓடிய இயந்திரம் இன்று ஓடாததற்கு அந்த ஸ்குரூ காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. தப்பாகத் திருகினால் இன்ஜின் சூடேறி வீணாகும்.

புயல் இரவில் ஓடவில்லை என்றால்

கால் மணி நேரம் முயன்றும் பலன் இல்லை என்றால் இயந்திரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணுக்கு அழையுங்கள். மாநில அவசரக் கட்டுப்பாட்டு மையத்தின் எண் 1070. எந்தச் சாலை, எந்த அடையாளத்துக்கு அருகில், எவ்வளவு பெரிய மரம், யாராவது சிக்கியிருக்கிறார்களா என்று தெளிவாகச் சொல்லுங்கள். வண்டிகள் வந்து மோதாமல் இரண்டு பக்கமும் ஆள் நிறுத்துங்கள். கை ரம்பம், கோடரி, வடக்கயிறு இருந்தால் சிறு கிளைகளை அகற்றி ஒரு ஆள் நடக்கும் அளவுக்காவது வழி செய்யலாம்.

மரத்தோடு மின்கம்பி கிடந்தால் ஓடுகிற இயந்திரமாக இருந்தாலும் கிட்டே போகாதீர்கள். கரண்ட் போய்விட்டது என்று நீங்களே முடிவு செய்யவும் வேண்டாம். மின்னகம் 94987 94987 எண்ணில் தகவல் சொல்லி, மின்வாரிய ஊழியர் வந்து இணைப்பைத் துண்டித்ததாக உறுதி சொன்ன பிறகே ரம்பம் மரத்தைத் தொடலாம்.

மாதத்துக்கு ஒரு நாள்

அந்த ஒத்திகையில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். அந்த இயந்திரம் அன்றைக்குப் பழுதாகவில்லை. போன மழை முடிந்து, பெட்ரோலோடு அப்படியே மூலையில் வைத்தார்களே, அன்றைக்கே அதன் பழுது தொடங்கிவிட்டது. யாரும் இழுத்துப் பார்க்காததால் தெரியவில்லை, அவ்வளவுதான்.

எனவே மழைக்காலம் முடிந்ததும் டேங்கைக் காலி செய்யுங்கள். மீதிப் பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும் வரை இன்ஜினை ஓடவிடுங்கள். தூள் தட்டி, சங்கிலிக்கு உறை போட்டு, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். ஜூலை, ஆகஸ்டிலேயே ஒருமுறை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மாதம் ஒரு நாள், புதுக் கலவை ஊற்றி ஐந்து நிமிடம் ஓட்டுங்கள்.

கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். தேதி, ஓட்டியவர் பெயர், பெட்ரோல் கலந்த நாள், எத்தனை இழுப்பில் ஸ்டார்ட் ஆச்சு. இந்த நான்கு மட்டும் போதும். போன மாதம் நான்கு இழுப்பு, இந்த மாதம் ஒன்பது இழுப்பு என்றால், இயந்திரம் உங்களிடம் ஏதோ சொல்கிறது. வெயில் அடிக்கும்போதே அதைக் கேட்டுவிட்டால், காற்று அடிக்கும் இரவில் கெஞ்ச வேண்டியதில்லை.

ஊராட்சி இயந்திரம் என்றால் இதைக் கேட்கும் உரிமை உங்களுக்கும் உண்டு. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்ம ஊர் மரம் அறுக்கும் மெஷினைக் கடைசியா எப்போ ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்க?"

பதில் சட்டென்று வரவில்லை என்றால், கூட்டம் முடிந்த கையோடு எல்லோருமாகப் போய் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிடுங்கள்.